எஞ்சின் ஓடியது, கரண்ட் வரவில்லை: ராயபுரத்தில் ஒரு பழைய ஜெனரேட்டர்

பின்னணி

ராயபுரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு மாடி வீடு. கீழே குடித்தனக்காரர்கள், மேலே வீட்டுக்காரரும் அவருடைய அம்மாவும். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது, நாள்பட்ட நுரையீரல் நோய். 2025 செப்டம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, ராத்திரி முழுக்கவும் பகலில் சில மணி நேரமும் ஆக்சிஜன் வைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அளவு, நிமிடத்துக்கு 2 லிட்டர். அதற்கு ஒரு கான்சென்ட்ரேட்டரை, அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கரண்ட் மெஷினை, வாடகைக்கு எடுத்தார்கள். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு பி டைப் சிலிண்டரும் வந்தது. சிலிண்டர் நிறைந்திருந்தால் 1500 லிட்டர். 2 லிட்டர் கணக்கில் பன்னிரண்டரை மணி நேரம் வரும்.

சாதாரண நாளுக்கு இது தாராளம். மழைக்காலத்தில் அப்படிச் சொல்ல முடியாது. வடசென்னையில் தெருவில் தண்ணீர் நின்று, வீடுகளுக்குக் கரண்ட் பிரித்துவிடும் தெருவோரப் பெட்டியான பில்லர் பாக்ஸ் முங்கும் நிலை வந்தால் மின்வாரியம் சப்ளையை நிறுத்திவிடும். நிறுத்துவதுதான் சரி, இல்லாவிட்டால் தண்ணீரில் கால் வைப்பவர் செத்துப்போவார். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகுதான் கரண்ட் திரும்பும். அது எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் சிலிண்டர் வண்டியும் தெருவுக்குள் வராது.

வீட்டில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த பிறகு வாங்கியது. 2 கேவிஏ வகை, பெட்ரோலில் ஓடுவது, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. கடைசியாக ஓடியது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. அதன் பிறகு பெட்ரோலோடு அப்படியே படிக்கட்டுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டார்கள். தண்டையார்பேட்டையில் பம்ப், ஜெனரேட்டர் ரிப்பேர் செய்யும் என்னிடம் வீட்டுக்காரர் வந்து கேட்டது இவ்வளவுதான்: “மழைக்கு முன்னாடி இத ஓட வெச்சுக் குடுங்கண்ணா. ஓடாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, புதுசா பாத்துக்கிறேன்.”

புதிது வாங்குவதா, இதையே பார்ப்பதா

முதலில் பேசியது இன்வெர்ட்டரைப் பற்றி. வீட்டில் ஏற்கெனவே ஒரு இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றும் இருந்தன. கான்சென்ட்ரேட்டரின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் 350 வாட் என்று போட்டிருந்தது. பேட்டரி நல்ல நிலையில் இருந்து, ஃபேன், லைட் எதுவும் போடாமல் இருந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். குறுகிய நேர மின்தடைக்கு அது போதும். ஒரு முழு ராத்திரிக்குப் போதாது. பேட்டரிகளைக் கூட்டலாம், ஆனால் கரண்டே இல்லாத இரண்டாம் நாளில் அவற்றை எதைக் கொண்டு சார்ஜ் செய்வது?

ஆகவே குறுகிய நேரத்துக்கு இன்வெர்ட்டர், நீண்ட நேரத்துக்கு ஜெனரேட்டர், இரண்டும் கைவிட்டால் சிலிண்டர் என்று வரிசை போட்டுக்கொண்டோம். பழைய மெஷினைத் திறந்து பார்த்து, எஞ்சினின் சிலிண்டரோ, கரண்ட் உண்டாக்கும் காயிலோ போயிருந்தால் கைவிடுவது, மற்றபடி ரிப்பேர் செய்வது என்று முடிவு. ஓட்டம் குறைந்த மெஷின் அது. இந்த மாதிரி மெஷின்கள் ஓடித் தேய்ந்து போவதைவிட, கிடந்து கெட்டுப்போவதுதான் அதிகம்.

கயிறை இழுக்கும் முன்

வந்ததும் கயிறை நாலு இழுப்பு இழுத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கடல் காற்றில் இரண்டு வருஷம் நின்ற எஞ்சினில் அதைச் செய்யவில்லை. பிஸ்டன் ரிங்கும் எஞ்சின் சிலிண்டர் சுவரும் லேசாகத் துருவால் ஒட்டியிருந்தால், உலர்ந்த நிலையில் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் சுவரில் கோடு போடும். அதோடு, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் நீடில் பிடிக்காமல் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால் பிஸ்டன் திரவத்தின் மேல் மோதி கனெக்டிங் ராடு வளையவும் வாய்ப்பு உண்டு.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்த்தோம். ஆயில் கறுப்பு, ஆனால் பெட்ரோல் வாசனை இல்லை. அளவு கூடியிருக்கவும் இல்லை, சொல்லப்போனால் குறைவு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஊறவிட்டோம். அப்புறம் சுவிட்சை ஆஃபில் வைத்து, கயிறை இழுக்காமல் மெதுவாக உருட்டுவது போல நகர்த்தினோம். முதல் சுற்றில் ஒரு இடத்தில் கரகரப்பு, பிறகு விட்டுக்கொடுத்தது. பிளக் ஓட்டையில் கட்டை விரலை வைத்து அழுத்தி இழுத்தபோது விரலைத் தள்ளியது. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் சக்தி, இருக்கிறது, வால்வு சிக்கவில்லை. மெஷினைக் கைவிட வேண்டாம் என்று உறுதியானது இந்த இடத்தில்தான்.

பிளக்கைத் துடைத்து, இடைவெளியை 0.7 மில்லிமீட்டருக்கு வைத்து, பெட்ரோல் எதுவும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொண்டு எஞ்சின் பாடியில் வைத்து இழுத்தோம். ஸ்பார்க் இல்லை. ஆயில் சென்சார் வயரைக் கழற்றி இழுத்தால் ஸ்பார்க் வந்தது. ஆயில் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. என்னோடு வந்த பையன், “அந்த வயர கட் பண்ணி விட்டுட்டா வேல முடிஞ்சிதுண்ணா” என்றான். நிறைய மெஷின்களில் அப்படி வெட்டிவிட்ட வயரை நானே பார்த்திருக்கிறேன். நள்ளிரவில், மொட்டை மாடியில், பக்கத்தில் ஆள் இல்லாமல் ஓடப்போகும் மெஷினுக்கு அந்த சென்சார் கட்டாயம் வேண்டும். பழைய ஆயிலைச் சூடாக்கி வடிக்க வழியில்லாததால் சாய்த்து வைத்து முழுக்க வடித்து, 10W-30 ஆயிலை வாய் விளிம்பு வரை ஊற்றி, வயரைத் திரும்ப மாட்டினோம். ஸ்பார்க் நீல நிறத்தில் அடித்தது.

பெட்ரோலும் கார்புரேட்டரும்

டேங்கில் இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்தோம். மேலே கட்டன் சாயா நிறத்தில் பெட்ரோல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாக வேறொரு அடுக்கு. பாட்டிலைக் குலுக்கினால் கலக்கும், வைத்துவிட்டால் மறுபடி பிரிந்து நிற்கும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் பெட்ரோல் காக் இருப்பதும் அடியில்தான், எனவே எஞ்சினுக்கு முதலில் போவது அந்த அடி அடுக்குதான். கடலோரத்தில் பாதி காலியாக நிற்கும் டேங்கில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றியபோது உள்ளே பெட்ரோல் என்று எதுவும் இல்லை. சுவரில் பிசின் போல ஒரு படலம், அடியில் வெள்ளைப் பொடி, பெட்ரோலை அளந்து விடும் சன்னத் துளையுள்ள பித்தளை ஜெட்டின் தலையில் பச்சைக் களிம்பு. மெயின் ஜெட்டைக் கழற்றி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் நடுவில் ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியவில்லை.

கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயில் ஊறவைத்து, வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்புக் கம்பியால் ஜெட்டைத் துளைத்தோம். இரும்பு ஊசி, குண்டூசி வேண்டவே வேண்டாம். ஜெட்டின் துவாரம் கொஞ்சம் பெரிதானாலும் எஞ்சின் பெட்ரோலைக் கூடக் குடித்துக் கரிப்புகை தள்ளும், பெரிதான துவாரத்தைத் திரும்பச் சின்னதாக்க வைத்தியம் கிடையாது. பைலட் ஜெட் இன்னும் சன்னமானது. பக்கத்து பஞ்சர் கடையில் காற்று பிடித்து ஊதித்தான் திறந்தது. நீடிலின் ரப்பர் முனையில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தது, அதையும் கேஸ்கெட்டையும் புதிதாகப் போட்டோம்.

முழு கார்புரேட்டரையே மாற்றிவிடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். நகல் கார்புரேட்டர் மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் அதில் ஜெட் அளவு அந்த எஞ்சினுக்குப் பொருந்துமா என்பது அதிர்ஷ்டம். லோடு ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் ஆடும் மெஷினை மருத்துவ உபகரணத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பழையதன் உடல் அரிக்கப்படாமல் இருந்ததால் அதையே வைத்துக்கொண்டோம்.

(மண்ணெண்ணெயில் ஓடும் பழைய ரகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். மண்ணெண்ணெயோடு நிறுத்தினால் கிண்ணத்தில் அதுவே தங்கும், குளிர்ந்த எஞ்சின் அதில் பற்றாது. ரிப்பேருக்கு வரும் இந்த ரக மெஷின்களில் பல, ரிப்பேரே இல்லாதவை.)

டேங்கின் உள்தையல் ஓரம் லேசான துரு. அலசி, காயவைத்து, ட்யூபில் ஒரு ஃபில்டரைச் சேர்த்தோம்.

எஞ்சின் ஓடியது, மீட்டர் 4 வோல்ட் காட்டியது

முதல் ஓட்டத்துக்கு டேங்கைப் பயன்படுத்தவில்லை. ஒரு சின்ன பாட்டிலில் புதுப் பெட்ரோலை ஊற்றி, மேலே தொங்கவிட்டு, நேராகக் கார்புரேட்டருக்குக் கொடுத்தோம். தடுமாறினால் கோளாறு கார்புரேட்டரிலா டேங்கிலா என்று குழப்பம் இருக்காது. சோக் போட்டு இழுக்க, இருமி, புகை தள்ளி, பற்றிக்கொண்டது. சிலிண்டரில் விட்ட ஆயில் எரிந்து தீரும்வரை வெள்ளைப் புகை. பிறகு தெளிவான ஓட்டம்.

வீட்டுக்காரர் சந்தோஷத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கான்சென்ட்ரேட்டரை உடனே போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் அவசரம், அதில் தப்பும் சொல்ல முடியாது. முதலில் மீட்டர், பிறகு குண்டு பல்பு, பிறகு ஐயர்ன் பாக்ஸ், கடைசியில்தான் அம்மாவின் மெஷின் என்று சொல்லி நிறுத்தினோம். மல்டிமீட்டரை சாக்கெட்டில் வைத்தால் 4 வோல்ட்.

இந்த ரகத்தில் பிரஷ் கிடையாது. உள்ளே சுழலும் ரோட்டரின் இரும்பில் தங்கியிருக்கும் சிறு காந்த சக்திதான் தொடக்கம். அது துணைக் காயிலில் கொஞ்சம் வோல்ட்டைத் தூண்டும், கெப்பாசிட்டர் அதைப் பெருக்கும், அப்படியே ஏறி 230க்கு வந்து நிற்கும். 4 வோல்ட் என்றால் காந்தம் மிச்சம் இருக்கிறது, ஏற்றம்தான் நடக்கவில்லை. முதல் சந்தேகம் கெப்பாசிட்டர். எஞ்சினை நிறுத்தி, கெப்பாசிட்டரின் இரு முனையையும் ஒரு பல்பு வழியாக டிஸ்சார்ஜ் செய்துவிட்டுக் கழற்றினோம். நின்றுவிட்ட மெஷினிலும் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும். லேபிளில் 20 மைக்ரோஃபாரட், மீட்டரில் வந்தது 7.

கடல் காற்று பட்ட காயில் என்பதால், புதுக் கெப்பாசிட்டர் போடும் முன்பே சுழலாமல் நிற்கும் காயில் பகுதியான ஸ்டேட்டரை, இன்சுலேஷன் அளக்கும் 500 வோல்ட் மெகரில் பார்த்தோம். இன்சுலேஷன் 1 மெகாஓமுக்குக் கீழே. ஈரம் குடித்திருக்கிறது. அந்த நிலையில் முழு வோல்ட் ஏற்றினால் காயில் மெஷினின் உலோக உடம்போடு ஷார்ட் ஆகலாம். மூடியைத் திறந்து, அருகில் ஒரு 200 வாட் பல்பை எரியவிட்டு ராத்திரி முழுக்க உலர்த்தினோம். மறுநாள் ரீடிங் பல மெகாஓமுக்கு ஏறியிருந்தது. அப்புறம்தான் 450 வோல்ட் தாங்கும் புதுக் கெப்பாசிட்டரை மாட்டினோம்.

276 வோல்ட்

ஸ்டார்ட் செய்ததும் மீட்டர் சரசரவென்று ஏறியது. 230ஐத் தாண்டி, 250ஐத் தாண்டி, 276ல் நின்றது. ஃப்ரீக்வென்சி 56க்குப் பக்கம். உடனே நிறுத்தினோம்.

இந்த ரகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் 50 ஹெர்ட்ஸ். 56 என்றால் 3300க்கும் மேல். வோல்ட்டேஜும் வேகத்தோடு சேர்ந்து ஏறும். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கின் ஸ்க்ரூவைப் பார்த்தால், பெயின்ட் சீல் உடைந்து, யாரோ நன்றாக உள்ளே திருகியிருந்தார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டபோது அவருக்கு ஞாபகம் வந்தது. மிக்ஜாம் நேரத்தில் லைட்டெல்லாம் மங்கலாக எரிந்திருக்கிறது. தெருவில் தெரிந்த ஒருவர் வந்து, “ஸ்பீடு பத்தல” என்று ஸ்க்ரூவைத் திருப்ப, லைட் பளிச்சென்று ஆகிவிட்டது.

கெப்பாசிட்டர் அப்போதே தளர ஆரம்பித்திருக்க வேண்டும். அதன் குறையை வேகத்தைக் கூட்டி மறைத்துவிட்டார்கள். இப்போது கெப்பாசிட்டர் புதிதானதும் மறைந்திருந்த வேகம் வோல்ட்டாக வெளியே வந்தது. நல்ல சப்ளை என்பது 230க்குப் பத்து சதவீதம் கூடக் குறைய, அதாவது 207 முதல் 253 வரை. 276ல் கான்சென்ட்ரேட்டரைப் போட்டிருந்தால் அதன் சர்க்யூட் போர்டு போயிருக்கும் என்பது என் கணிப்பு.

ஸ்க்ரூவைத் தளர்த்தி, லோடு இல்லாமல் 51.5 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தோம். வோல்ட்டேஜ் 236. 100 வாட் குண்டு பல்புகள் இரண்டு போட்டு, பிறகு 1000 வாட் ஐயர்ன் பாக்ஸையும் சேர்த்தால் 219, 49.6 ஹெர்ட்ஸ். ஆட்டம் இல்லை. ஸ்க்ரூவின் மேல் நெயில் பாலிஷ் வைத்துச் சீல் செய்தோம். கடைசியில் கான்சென்ட்ரேட்டர். கம்ப்ரஸர் கிளம்பும்போது ஒரு சிறு இறக்கம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அம்மா சிலிண்டர் ஆக்சிஜனில் இருந்தார். கான்சென்ட்ரேட்டர் போட்டவுடன் முழுத் தூய்மை வராது, அதன் அலாரம் விளக்கு அணையும்வரை சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

சிலிண்டர் ரெகுலேட்டரை வீட்டுக்காரரே திறந்தார். கையில் ஆயிலும் கிரீஸும் இருக்கும் எங்கள் யாரையும் அதைத் தொடவிடவில்லை. அழுத்தமான ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் தீ.

எங்கே வைப்பது, எப்படிக் கொடுப்பது

படிக்கட்டுக்கு அடியிலேயே வைத்து ஓட்டிக்கொள்ளலாம், கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று வீட்டில் பேச்சு வந்தது. இதில் மட்டும் பேரத்துக்கு இடம் கொடுக்கவில்லை. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. படிக்கட்டு புகைபோக்கி போல அதை நேராக மேல் வீட்டுக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும். ஏற்கெனவே ஆக்சிஜன் போதாத உடம்புக்கு அது கொஞ்சம் போனாலே ஆபத்து.

மொட்டை மாடிக்குத் தூக்கினோம். எந்த மூலை என்பதிலும் யோசனை வேண்டியிருந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து. எனவே தென்மேற்கு மூலையில், சைலன்ஸர் வெளிப்பக்கம் பார்க்க வைத்தோம். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஜன்னல் எதுவும் நெருக்கத்தில் இல்லை. மழைக்கு நாலு பக்கமும் திறந்த தகரக் கூரை மட்டும், தார்பாய் சுற்றக் கூடாது.

கரண்ட் கொடுப்பதற்கு, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் வீட்டு சாக்கெட் ஒன்றில் குத்திவிடுவதுதான் பலர் செய்யும் வழி. அதில் கரண்ட் மெயின் வழியாகத் தெருவுக்குத் திரும்பிப் போய், கம்பத்திலோ பில்லர் பாக்ஸிலோ வேலை செய்யும் லைன்மேனைக் கொல்லும். அதனால் வீட்டு வயரிங்கோடு சம்பந்தமே இல்லாமல், மாடியிலிருந்து அம்மாவின் அறைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் கேபிளைத் தனியாக இழுத்து, இரண்டு சாக்கெட் வைத்தோம். முழு வீட்டுக்கும் வேண்டுமானால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, தெரு கரண்டையும் ஜெனரேட்டரையும் ஒரே நேரத்தில் சேரவிடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்ளச் சொன்னோம். அவர் இன்னும் போடவில்லை.

மழை இரவு

வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள் மாலை தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் நிறுத்தம். முதலில் இன்வெர்ட்டர். அது பாதிக்கு இறங்கியதும் ஜெனரேட்டரைப் போட்டார்கள். சில இழுப்பில் பிடித்துக்கொண்டது. ராத்திரி நடுவில் நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை கான்சென்ட்ரேட்டரை இன்வெர்ட்டருக்கு மாற்றி, பிறகு பெட்ரோல் ஊற்றி மறுபடி போட்டிருக்கிறார்கள். சூடான எஞ்சினில் ஊற்ற வேண்டாம் என்று சொன்னதை அப்படியே பின்பற்றியிருந்தார்கள். காலையில் கரண்ட் வந்தபோது சிலிண்டரில் பெரும்பகுதி மிச்சம்.

இரண்டு விஷயங்கள் எதிர்பாராதவை. ஒன்று, கீழ்வீட்டுக் கைக்குழந்தை சத்தத்தில் தூங்கவில்லை என்று சண்டை வரும் நிலை. மெஷினுக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் போட்டதும், கீழ்வீட்டுக்கு இரண்டு செல்போன் சார்ஜ் செய்துகொள்ள இடம் கொடுத்ததும் சமாதானம் ஆகிவிட்டது. இன்னொன்று, ஃபில்டர் பழுப்பாகிப் போயிருந்தது. டேங்கின் துரு அலசியதோடு நிற்கவில்லை, புதுப் பெட்ரோல் அதை மெல்ல உரித்துக்கொண்டிருந்தது.

மாற்றியவை

டேங்கை மாற்றியாகிவிட்டது. உள்தையலில் துரு தெரிந்தால் இனி அலசலோடு விடாமல் தொடக்கத்திலேயே மாற்றச் சொல்வேன். கார்புரேட்டருக்குச் செய்யும் வேலையெல்லாம் துருப்பிடித்த டேங்கால் மறுபடி வீணாகும்.

மாதம் ஒரு முறை ஐயர்ன் பாக்ஸ் லோடோடு இருபது நிமிடம் ஓட்டுகிறார்கள். சும்மா ஓட்டினால் காயில் சூடாகாது, ஈரமும் போகாது. நிறுத்துவது சுவிட்சால் இல்லை, பெட்ரோல் காக்கை மூடி, கிண்ணம் காலியாகித் தானே நிற்கும்வரை விடுகிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் டேங்கையும் வடித்துவிடச் சொல்லியிருக்கிறேன். மெஷினின் மேல் ஒரு அட்டையில் லோடு இல்லாமல் 236, 51.5 என்று எழுதி ஒட்டி, பக்கத்தில் ஒரு மலிவான பிளக் வோல்ட்மீட்டரும் தொங்குகிறது. இந்த எண்ணிலிருந்து ரொம்ப விலகினால் ஸ்க்ரூவைத் தொடாமல் ஃபோன் செய்ய வேண்டும் என்று பேச்சு.

பெட்ரோல் 5 லிட்டர் உலோகக் கேனில், மாடியில் நிழலில், சிலிண்டர் இருக்கும் அறைக்குத் தொலைவாக. வாங்கிய தேதியைக் கேனில் சாக்பீஸால் எழுதிவைக்கிறார். இரண்டு மாதம் ஆகிவிட்டால் அதைத் தன் பைக்கில் ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடித்துக்கொள்கிறார்.